பெரியம்மா காட்டிய பெங்களூர்

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கும் பெண். பெங்களூரில் இருந்த பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. எங்களில் ஒருத்தியை அவளுக்கு வளர்க்கக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி, மூன்றாவதாகிய என் பெயர் அடிபட்டது. குழந்தை தன் வாயால் இருக்கிறேன் என்று சொன்னால்தான் ஆயிற்று என்று அப்பா மட்டும் ஒரு கொக்கி போட்டிருந்தார். இது குடியாத்தத்தில் ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. முழுப்பரீட்சை லீவுக்குப் பெங்களூர் என்றார்கள், துள்ளிக்கொண்டு ரயிலேறினேன்.

லால்பாக் பார்க்கப் போகிறேன் என்று தெருவெல்லாம் பீற்றிவிட்டு வந்தவள் நான். பெரியம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"அதெல்லாம் வந்துட்டுப் போறவங்க பாக்கறது கண்ணு. உனக்கு வேற காட்டறேன்" என்றாள்.

விடிந்ததும் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். ஓடிவிட்டு வந்த குதிரைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். குளிரில் அவற்றின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. ஒரு குதிரை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற எங்கள் மாமா மாதிரியே கண்ணை மூடி நின்றது. இன்னொரு நாள் கண்டோன்மென்ட்டில் ஒரு பேக்கரியின் பின்வாசல். பெரியம்மா கன்னடத்தில் ஏதோ சொல்ல, அந்த ஆள் சிரித்துக்கொண்டே உடைந்த பிஸ்கட்டுகளை என் மடியில் கொட்டினார்.

ஒரு சாயங்காலம் தொம்மலூர் போனோம். அப்போது அது வயலும் வரப்புமான கிராமம். அங்கே பெருமாள் கோயில் கல்லில் தமிழ் வெட்டியிருக்கிறது. பெரியம்மா என் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினாள்.

"பாத்தியா, எத்தனையோ காலமா நம்ம ஆளுங்க இங்க இருக்காங்க. இது ஒண்ணும் அசலூரு இல்ல."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குப் பசி.

பாவம், அவள் போட்ட கணக்கு அங்கேதான் தப்பியது. அவள் காட்டக் காட்ட எனக்கு ஊருக்கு ஓட வேண்டும் போலிருந்தது. குதிரை குளித்ததை அக்காக்களிடம் சொல்லி அவர்களை வயிறெரிய வைக்காவிட்டால், பார்த்து என்ன பிரயோஜனம்?

அப்பா வந்து, "பெரியம்மாகூடவே இருக்கியாம்மா, ஊருக்கு வரியா?" என்று கேட்டார்.

"ஊருக்கு" என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

பெரியம்மா உள்ளே போய் என் துணிகளை மடித்தாள். ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்ததெல்லாம் தங்கச்சிக்குச் சொல்லு கண்ணு" என்றாள்.

சொன்னேன். போடி புளுகி என்று அக்காக்கள் எழுந்து போய்விட்டார்கள். என்னோடு ஒரே பாயில் படுக்கிற தங்கை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அவள் கேட்கக் கேட்க, குதிரைக்குச் சீயக்காய்கூடத் தேய்த்தேன். அடுத்த லீவுக்குத் தான்தான் போவேன் என்று அவள் அடம்பிடித்தபோது, முதலில் பார்த்தவள் என்ற பெருமையில் என் பச்சைப் பாவாடையையும் கொடுத்தனுப்பினேன். இந்த வயதிலும் அவளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

லீவு முடிந்து அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

"அவளுக்கு அங்க பிடிச்சுப்போச்சு" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து சொல்லாமல் எப்படி அவளால் இருக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும், அவளுக்குப் பாயில் இடம் விட்டே படுத்தேன்.