சீனன்குடாவில் ஒரு கராட் இயந்திரம்

சீனன்குடா நிலையத்தில் கராட் எனும் நீராவி ரயில் இயந்திரம் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் கொதிகலன். முன்னும் பின்னும் தண்ணீர்த் தொட்டிகள், ஒவ்வொன்றின் கீழும் சக்கரங்களாய்த் தனிச் சில்லுக்கூட்டம். புகைபோக்கி திருகோணமலையைப் பார்க்கிறது. எங்கள் பெட்டிகளோ எதிர்த்திசையில் கந்தளாய்க்குப் போகவேண்டியவை.

“கோச்சி இப்ப வெளிக்கிடுமா, ஐயா?” என்று கேட்கிறார் கிண்ணியா இளைஞர் ஒருவர். வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசம். பகல் கந்தளாயில் அவருக்கு நிக்காஹ். கூட வந்தவர்கள் பெட்டியில் ஏறிவிட்டார்கள்.

“இவ்வளவு நீளமானதை இங்க திருப்ப ஏலாது. வேற இயந்திரம் வரவேணும். தேத்தண்ணி குடிப்பம்” என்கிறேன்.

கடை மேசையில் பிஸ்கட்டுகளை அடுக்கி, இரண்டு ஆறு இரண்டு, மறுபடி இரண்டு ஆறு இரண்டு என்று சில்லுகளின் எண்ணிக்கையை விளக்குகிறேன். ஊதல் கேட்கிறது. கராட் திரும்பாமலே, எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. இருதிசையிலும் ஓடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். பிழை முழுக்க என்னுடையது.

கந்தளாய்க்குப் போகும் மீன் லொறி ஒன்று மாப்பிள்ளையை ஏற்றுகிறது. மன்னிப்புக் கேட்டு நழுவப் பார்க்கிறேன். அவர் என் கையை விடவில்லை.

“நீங்களும் ஏறுங்க ஐயா. இந்தச் சில்லுக் கதைய என்ட மாமனாருக்கிட்ட நீங்களே சொல்லுங்க.”

“அவருக்கு விளங்குமா, தம்பி?”

“அவர்தான் கந்தளாய் ஸ்டேசன் மாஸ்டர்.”