காலண்டர் அட்டையில் இல்லாத லாரி

செண்பகனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் வந்து வியாபார ஆட்டம் ஆடுவார்கள். நான் எங்கேயும் படித்துக் கற்றதல்ல அது. பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிக் கட்டம் கிழித்து நானே உண்டாக்கியது. என்ன காய் பயிரிடப் போகிறோம் என்று ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். திருப்பிப் பார்க்கும்போது எல்லோரும் ஒரே காய் என்றால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். தனியாக யோசித்த பிள்ளைக்குத்தான் வெற்றி.

மேல்மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். திருப்பினால் நாலும் கேரட். அடுத்த ஆட்டத்திலும் கேரட்.

"ஏலே, ஒரு ஆளாவது மாத்துங்கலே!" என்றேன்.

"ஊரே கேரட் போடையில நாங்க மட்டும் வேற போட்டா, கிறுக்குப் புடிச்சிருச்சும்பாங்க சார்" என்றான் ஒருவன். அவர்கள் பேச்சைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும். சிரித்துவிட்டேன்.

அந்த நாலு பேரில் ஒரு பெண் மட்டும் மறுவாரம் ப்ராக்கோலிச் சீட்டு வைத்தாள். ஜெயித்தாள். அதன்பிறகு அவளை யாராலும் அசைக்க முடியவில்லை.

ஒருநாள் அவளுடைய அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"தம்பி, பாதி வயக்காட்டுல ப்ராக்கோலி போடலாம்னு பிள்ள ஒத்தக் கால்ல நிக்கிது. நீங்க என்ன சொல்றீங்க?"

"போட்டுப் பாருங்கண்ணே" என்றேன்.

பயிர் நன்றாகவே வந்தது. வெட்டுகிற நேரத்தில் அவளிடமிருந்து போன்.

"சார், லாரிக்காரர் ஏத்த மாட்டேங்கிறாரு. கேரட் மூட்டைக்கு நடுவுல வச்சா நசுங்கிருமாம். மண்டியிலயும் இத எடுக்க ஆளில்லையாம். உங்க ஆட்டத்துல லாரியே இல்லையே சார்?"

கவுஞ்சியில் ஊருக்கே சேர்த்து ஒரு லாரி. எல்லோரும் ஒரே காய் போடுவதால்தான் அது நிரம்பும், மலை இறங்கும். இது அந்தப் பிள்ளைகள் நாலு பேருக்கும் தெரிந்த சங்கதிதான். அட்டையில் இல்லாததால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கொடைக்கானலில் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். விடாத மழை, பயணிகளே இல்லை. "சீசன்ல கொண்டாங்க, எம்புட்டு இருந்தாலும் எடுத்துக்கிறோம்" என்றார்கள். ஒரே ஒருவர், என் முகத்துக்காக ஒரு பை எடுத்துக்கொண்டார். பக்கத்து ஊர்களில் யாராவது ப்ராக்கோலி போட்டிருந்தால் சேர்ந்து ஒரு வாடகை வண்டி பிடிக்கலாமே என்று விசாரித்தேன். அங்கேயும் கேரட்தான்.

கவுஞ்சிக்குப் போய்ப் பார்த்தபோது ப்ராக்கோலியின் பச்சை மொட்டுகள் மஞ்சள் பூவாக விரியத் தொடங்கியிருந்தன. விரிந்துவிட்டால் மாட்டுக்குத்தான். அவள் குனிந்து வெட்டிக்கொண்டேயிருந்தாள், நிமிரவில்லை. எதிர்வயலில் கேரட் விலை மோசம் என்று ஏசிக்கொண்டே மூட்டை ஏற்றினார்கள்.

அவளுடைய அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. கட்டங்காப்பியை என் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி தம்பி, கெடக்கட்டும். அடுத்து என்ன போடலாம்? நீங்களே வெரசா ஒண்ணு சொல்லுங்க."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.