சுவருக்கென்று கொடுத்த மெழுகு

கணக்கு வாத்தியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டதாம். இனி எழுந்து நடப்பதே சந்தேகமாம். எல்லாம் அந்தப் பல்பிரஷ் அக்கா செய்துவிட்டுப் போன வேலையால்தானாம்.

ஹார்டுவேர் கடைக்காரர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, வெள்ளை சிமெண்டை எடைபோட்டபடியே, அந்தப் பல்பிரஷ் அக்காவிடமே இதைச் சொன்னார்.

"யார் சொன்னது?" என்றாள் அக்கா.

"நான் சொல்லலம்மா. டைல்ஸ் இறக்குற வண்டிக்காரர் சொன்னாரு. அவருக்குக் காண்ட்ராக்டர் சொன்னாராம். நீங்க ஆசிட் ஊத்தித் தேய்ச்சு, தரையில இருந்த சொரசொரப்பையே எடுத்துட்டீங்களாம்."

"எத்தனை வருஷமா உங்ககிட்ட சாமான் வாங்குறேன்? ஒரு பாட்டில் ஆசிட் கேட்டிருக்கேனா?"

"இல்லை."

"அதை அந்த வண்டிக்காரர்கிட்ட சொல்றதுக்கு வாய் வரலையா?"

"அவரும் என் வாடிக்கைதானேம்மா" என்று கடைக்காரர் தராசைப் பார்த்தார்.

அக்கா சிமெண்டை வாங்கவில்லை. விரித்த பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்குக் கோபம் எப்போதுமே மூக்கு நுனியில். அன்றைக்கு அது உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

பதினான்கு வருடம் ஒரு ஹோட்டலில் மூன்றாவது மாடி முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது. காலையில் ஒருவர் அறையைக் காலி செய்வதற்கும் மதியம் இன்னொருவர் பெட்டியோடு வந்து நிற்பதற்கும் நடுவே மூன்று மணி நேரம்தான். அதற்குள், பத்து வருடம் பழசான குளியலறையை நேற்றுக் கட்டியதுபோல் காட்ட வேண்டும். காட்டினாள். முதலாளியின் மகன் நாற்காலிக்கு வந்ததும், வராந்தாவில் நரைத்த தலைகள் தெரிந்தால் ஹோட்டலே பழசாகத் தெரிகிறது என்று சொல்லி நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினான். அவளும் அதில் ஒருத்தி. 'சாயம் பூசிக்கொண்டு வரட்டுமா?' என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதே வேலையை இப்போது வீடு வீடாகப் போய்ச் செய்கிறாள்.

குளியலறையைப் புதுசாக்க சுத்தியல் வேண்டாம் என்பது அவள் கட்சி. டைல்ஸ் இடுக்கில் ஏறிய கறுப்பைச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பாள். உப்புப் படிந்து பாதிக் கண் அடைத்த ஷவருக்கு வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையைக் கட்டித் தொங்கவிடுவாள். வாஷ்பேசின் ஓரத்தில் பூஞ்சை பிடித்த சிலிகான் பசையைப் பிளேடால் சீவிவிட்டு, நூல் பிடித்தமாதிரி புதுசாக ஒரு கோடு. கதவுக்கு ஒரு கை பெயிண்ட். அழுக்கு மஞ்சள் பல்புக்குப் பதில் நல்ல வெள்ளை பல்பு. இரண்டே நாளில், ஒரு பை சாமானில், அழுது வடிந்த அறை முகம் கழுவிக்கொண்டு நிற்கும்.

காண்ட்ராக்டருக்கு இது பிடிக்குமா? எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, 'மொத்தமா உடைச்சாதான் சரி வரும்' என்பது அவர் வழக்கம். தட்டின சுவர் ஒன்று நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. இப்போது வாத்தியாரின் இடுப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. இந்தப் பேச்சு நாலு தெரு பரவினால், அப்புறம் எந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும்?

வாத்தியார் வீட்டுக் கதவைத் திறந்தது மருமகள். திறந்தவள் முகத்தைப் பார்க்காமல் வழிவிட்டாள்.

வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடுப்பு இருந்த இடத்தில் இருந்தது.

"இடுப்பு போச்சுன்னாங்களே" என்றாள் அக்கா.

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றார் வாத்தியார்.

குளியலறைக்குள்ளிருந்து அளவு நாடா சுருண்டு இழுபடும் சத்தம். காண்ட்ராக்டர் வெளியே தலையை நீட்டினார். "வாங்கம்மா. உங்க வேலையைத்தான் பார்த்துட்டிருக்கேன். ஆசிட் பட்ட டைல்ஸ் இனி தேறாது. எல்லாத்தையும் பேர்த்துடலாம்னு சார்கிட்ட சொன்னேன்."

"கொஞ்சம் நகருங்க."

அக்கா உட்கார்ந்து தரையை ஒரு விரலால் தடவினாள். விரல் தானாக ஓடியது. முகர்ந்து பார்த்தாள். காருக்குப் போடும் மெழுகு. சுவர் டைல்ஸில் தண்ணீர்க் கறை நிற்காமலிருக்கக் கடைசியில் அவள் தடவுகிற அதே மெழுகு. அதைத் தரைக்குப் போட்டது யாரென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மருமகள் அதற்குள் சமையலறைக்குப் போயிருந்தாள்.

அக்கா பின்னாலேயே போனாள். "என்ன பண்ணி வச்சிருக்கே?"

"மெதுவாப் பேசுங்கக்கா." மருமகள் குழாயைத் திறந்துவிட்டாள். "சுவர் கண்ணாடி மாதிரி இருக்கு, தரை மட்டும் செத்துக்கிடந்துச்சு. மிச்சம் இருந்த டப்பாவை நீங்கதானே வச்சுட்டுப் போனீங்க."

"சுவருக்குன்னு சொன்னேன்ல? மாசம் ஒரு தடவைன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. தரைக்குப் போடாதேன்னு சொல்லலையே."

அக்காவுக்கு அவளை அறையவேண்டும்போல் இருந்தது. அறைய வேண்டிய கன்னம் தன்னுடையது என்பதும் தெரிந்தது. தரைக்கு மெழுகு ஆகாது என்று ஹோட்டலில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பிலேயே இத்தனை வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கூடத்துக்கு வந்தாள். "சார், ஆசிட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. தரையில மெழுகு. நான் வச்சுட்டுப் போன டப்பா. போடக்கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை."

"பாத்தீங்களா சார்" என்று ஆரம்பித்தார் காண்ட்ராக்டர்.

"எதைப் பாக்குறது? ஆசிட்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அதைப் பாக்கலாமா? எந்த மூக்கால மோந்து பாத்தீங்க?"

சமையலறை வாசலில் மருமகள் வந்து நின்றாள். "நான்தான் மாமா போட்டேன். பயத்துல சொல்லலை."

வாத்தியார் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "விழுந்தது நான். கத்துறது நீங்க எல்லாரும். நான் எப்பக் கத்துறதுன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்."

அக்கா குளியலறைக்குத் திரும்பினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கேட்டு வாங்கினாள். மண்டி போட்டு மூலைக்கு மூலை தேய்த்தாள். சோப்பு நுரை பழுப்பாகத் திரண்டது. வழித்து ஊற்றிவிட்டு மறுபடி தேய்த்தாள். காண்ட்ராக்டர் வாசலில் நின்று, "இதெல்லாம் தேய்ச்சாப் போகாதும்மா" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது, வாளித் தண்ணீரை அவர் காலடி வரைக்கும் வீசினாள். பிறகு ஈரத்தரையில் வெறுங்காலோடு ஏறி, குதிகாலால் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். கால் பிடித்து நின்றது. காண்ட்ராக்டர் நாடாவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார்.

படியிறங்கும்போதே அவள் போனை எடுத்துவிட்டாள். மிச்ச டப்பாவைப் பெருந்தன்மையாக வைத்துவிட்டு வந்த வீடுகள் இன்னும் நான்கு.

முதல் வீட்டில், "அது எங்க இருக்குன்னே தெரியலையேக்கா" என்றார்கள். இரண்டாவது வீட்டில் வீட்டுக்காரர் அதைத் தன் வண்டிக்குப் போட்டுத் தீர்த்திருந்தார். மூன்றாவது வீட்டுப் பெண், "நல்லவேளை சொன்னீங்க, ஞாயித்துக்கிழமை விருந்தாளி வர்றாங்கன்னு தரைக்கும் போடலாம்னு இருந்தேன்" என்று சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த எண்ணை அழுத்தினாள்.

நான்காவது, ஓய்வுபெற்ற நர்ஸம்மா. நாலாவது மாடியில் தனியாக இருப்பவர். ஒரு தூசு பொறுக்காத மனுஷி. 'தரையில என் முகம் தெரியணும்' என்று சொல்லிச் சொல்லி வேலை வாங்கியவர். துடைக்கிற வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குக் குளிக்கப் போவார். அதற்கு முன்னால் யார் போன் செய்தாலும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார்.

இப்போது பதினொன்று பத்து.

மணி போய்க்கொண்டிருந்தது. அக்கா போனைக் காதில் அழுத்தியபடி பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, குறுக்குத் தெருவில் ஏறி, ஓடுவதற்கும் நடப்பதற்கும் நடுவே போய்க்கொண்டிருந்தாள். எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் திட்டினார்.

"எடுங்க" என்றாள் போனிடம். "எடுத்துத் தொலைங்க."

தானாக அறுந்தது. திரும்பவும் அழுத்தினாள். திரும்பவும் மணி போனது.