திட்டு வாங்காத விருந்தாளி

லிஃப்ட் மெக்கானிக் அக்காவுக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. அவள் தும்மினால் மூன்றாம் மாடியில் நிற்கிற லிஃப்ட் பயந்துபோய்த் தரைக்கு வந்துவிடும். பார்த்தவர்கள் சத்தியமே செய்வார்கள்.

ஞானஸ்நானம் வாங்கியவள்தான். அம்மா இறந்துபோன பிறகு ஊரிலிருந்த மாதா கோயில், சர்ச் ஒவ்வொன்றிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. பூசை முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அவள் மட்டும் ஆளில்லாத வாடகை அறைக்குப் போவாள்.

ஒருநாள் கன்னியர் மடத்து லிஃப்ட் மக்கர் பண்ணியது. குழிக்குள் இறங்கி கிரீஸ் பூசிக்கொண்டிருந்தபோது மேலே மாலைச் செபம் தொடங்கி, திருப்பாடல் நேராக அவள் தலையில் வந்து இறங்கியது. ஸ்பானரும் கையுமாக முடியும்வரை நின்றாள். பிறகு ஞாயிறுதோறும் வந்தாள், லிஃப்ட் சமத்தாக ஓடியபோதும்.

விருந்தாளியை இயேசுவாகவே நினைத்து உபசரிக்க வேண்டும் என்பது அந்த மடத்து விதி. மெத்தை வைத்த நாற்காலி, முதல் பரிமாறல். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ விடமாட்டார்கள். வாரா வாரம் இயேசுவாக இருப்பது லேசுப்பட்ட வேலையா? மடத்துத் தலைவியான மதரிடம் கேட்டே விட்டாள்.

“உங்க செபத்துல, வேலையில நானும் சேர்ந்துக்கணும் மதர். விருந்தாளியா இல்ல, இங்க ஒருத்தியா.”

“எல்லாரும் சம்மதிக்கணும்மா. சமையல் சிஸ்டர் மட்டும் இன்னும் வாய் திறக்கல.”

அவளுக்குத் திக்கென்றது. சமையல் சிஸ்டர் வாய் திறக்காத விஷயமே உலகத்தில் கிடையாதே.

அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் நைசாகச் சமையலறைக்குள் நுழைந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். சமையல் சிஸ்டர் வந்து பார்த்தார்.

“எண்ணெய்ச் சட்டியோட கண்ணாடி டம்ளரை யாராவது ஊறப் போடுவாங்களா? லிஃப்டையே தூக்குறவளுக்கு இது தெரியாதா? தள்ளு அப்படி.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் மதர் நின்றிருந்தார்.

“இயேசுவையே திட்டிட்டீங்களே சிஸ்டர்.”

“இயேசு இவ்வளவு மோசமாப் பாத்திரம் தேய்க்க மாட்டார் மதர்.”

லிஃப்ட் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குப் பிறகு யாரும் அவளை உரிமையோடு திட்டியதில்லை. “இன்னும் ரெண்டு திட்டுங்க சிஸ்டர்” என்றாள்.

“அதுக்கென்ன, இனிமே தினமும் திட்டத்தானே போறேன். முதல்ல டம்ளரைத் தனியா எடு.”

மதர் காத்திருந்த சம்மதம் அதுதான்.

அன்று மாலைச் செபத்தில் சிஸ்டர்களின் வரிசையிலேயே அவளுக்கு இடம். இந்தப் பக்கத்தார் ஒரு வரி பாட, எதிர்ப்பக்கத்தார் அடுத்த வரி பாடினார்கள். இவளோ சந்தோஷத்தில் இரண்டையும் பாடினாள். பக்கத்திலிருந்த மூத்த சிஸ்டர் முழங்கையால் இடித்தார்.

“அது அவங்க வரி. நம்மளது அடுத்தது.”