பிளவில் கொட்டாத சாயம்

அண்ணன் வீட்டு ஊற்றை வற்றடித்தது நான்தான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும், ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பெரியப்பா மகன், பங்காளி. மலைமேல் அரியூர் நாட்டில் ஒரு பள்ளத்தில் மேல்வயல் அவருக்கு, கீழ்வயல் எங்களுக்கு. ஊற்று அவருடைய வயலின் தலைப்பில், பாறைக்கு அடியில் இருந்தது. எந்தக் கோடையிலும் அது நின்றதில்லை. அவர் வயல் குடித்து மிஞ்சியதுதான் எங்கள் வயலுக்கு இறங்கும். குடிக்க மட்டும் யார் வேண்டுமானாலும் குடத்தோடு போகலாம். அண்ணி பார்த்துக்கொண்டே இருப்பாள், எத்தனை குடம் என்று.

ஒரு காதுகுத்துப் பந்தியில் எங்கள் வீட்டு அரிசியில் சோறு ஆக்கியிருந்தோம். ருசியாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"எங்க எச்சித் தண்ணியில வெளையற நெல்லுக்கே இந்த ருசின்னா, எங்க நெல்லைத் தின்னு பாருங்க."

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த என் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஏறிய பங்காளிக் காய்ச்சல் எனக்கு இறங்கவே இல்லை. பந்தியில் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஓர் ஊற்றையா என்று கேட்கலாம். எச்சில் என்று சொல்லக் கேட்டவனுக்குத்தான் அது தெரியும்.

மலையைக் குடைந்து அடிவாரத்துக்குத் தண்ணீர் இறக்கும் சுரங்க வேலை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அதில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைச் சிமெண்ட் பம்பில் போட்டார்கள்.

பாறைக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால், குடையப்போகும் பாறையில் நீளமாகச் சில துளைகள் போடுவோம். துளையில் தண்ணீர் வந்தால் முன்னால் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துளைகளில் குழாயைச் செருகி, வாயை இறுக்கி, சிமெண்டைப் பால் மாதிரி கரைத்து அழுத்தி ஏற்றுவோம். விரிசல்கள் நிறைந்து, இனிமேல் வேண்டாம் என்று பாறை மறுக்கும்போது மீட்டர் முள் ஏறும். பிறகு பம்பை நிறுத்தி, சிமெண்ட் இறுகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வெடி. இப்படிச் செய்தால் சுரங்கத்துக்குள் தண்ணீர் வராது, மேலே மலையின் தண்ணீரும் மலையிலேயே இருக்கும். எங்கள் ஃபோர்மேன் முள்ளுக்குறிச்சிக்காரர். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்வார்.

"வெடிக்கு முன்னாடி அடைச்சா தண்ணி நம்ம பேச்சைக் கேக்கும். வெடிச்ச பொறவு அடைச்சா நம்மளப் பாத்துச் சிரிக்கும்."

சுரங்கம் எங்கள் பள்ளத்துக்கு அடியில் வந்தபோது துளைகளில் ஈரம் கசிந்தது. அதிகம் இல்லை, துண்டைப் பிழிந்த அளவுதான். அது பாறைக்குள் வெகுநாளாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர், அதை வடியவிட்டு வெடிக்கலாம் என்றார் ஒப்பந்தக்காரரின் மேனேஜர். பாறையைப் படித்த மேடம் ஒருவர் இருந்தார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இது மேலே இருக்கிற ஊற்றின் நரம்பாக இருந்தால் சுற்றிலும் துளை போட்டு முழுசாக அடைக்காமல் வெடி வைக்கக் கூடாது என்றார். முழுசாக அடைக்க வாரக்கணக்கில் ஆகும். மேனேஜர் முகம் சுண்டிப்போனது. கடைசியில் சாயம் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

எங்கள் பள்ளத்துக்கு மேலே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, ஓர் ஓடை பாறைப் பிளவுக்குள் விழுந்து காணாமல் போகும். அங்கே ஒரு கூடை உமியைக் கொட்டினால் மறுநாள் அண்ணன் வீட்டு ஊற்றில் வந்து மிதக்கும். ஊரில் எல்லாரும் செய்து பார்த்ததுதான். அந்தப் பிளவில் சாயத்தைக் கொட்ட வேண்டும். சுரங்கத் துளையிலும் அந்தச் சாயம் தெரிந்தால், ஊற்றும் துளையும் ஒரே நரம்பு. அப்போது வேலையை நிறுத்தி அடைத்தே ஆக வேண்டும்.

"உங்களுக்குத்தான் இடம் தெரியும். நீங்களே கொண்டுபோய்ப் போடுங்க. கீழே நாங்க பாட்டில்ல பிடிச்சுப் பார்த்துக்கறோம்" என்று மேடம் டப்பாவை என் கையில் கொடுத்தார். பொடி செங்கல் நிறத்தில் இருந்தது. தண்ணீரில் விழுந்தால் பச்சையாகும் என்றார்.

பிளவுக்குப் போனேன். டப்பாவைத் திறந்தேன். கீழே அண்ணன் வரப்பில் நின்று எங்கள் பக்க மடையை மண்வெட்டியால் அடைத்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற வேலைதான், அன்றைக்கு எனக்காகச் செய்ததில்லை. நான் டப்பாவை மூடினேன். மேட்டைத் தாண்டிப் போனால் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் இன்னோர் ஓடை இருக்கிறது. அதற்கும் ஊற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. அதில் கொட்டினேன்.

அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. ஓடை முழுக்க, வளைவு வரைக்கும், கல்லெல்லாம் பச்சை. தண்ணீர் குடிக்க வந்த மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. கிழங்குக் காட்டில் களையெடுத்த பெண்கள் ஓடிவந்து பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். என் கையில் டப்பா இருந்தது.

ஊற்று செத்துப்போகும் என்று அப்போது நினைக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். ஃபோர்மேன் சொன்னது என் காதில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

நான்கு நாள் பாட்டிலில் பிடித்துப் பார்த்தார்கள். துளையில் பச்சை வரவில்லை. மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஊற்றுல வந்துச்சா?"

"இல்லீங்க மேடம்."

"போட்ட சாயம் எங்கேயாவது வெளியே வந்துதானே ஆகணும்?"

"பாறைக்குள்ளயே தங்கியிருக்குமுங்க."

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கேக்கறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். பிளவில் சாயத்தைக் கொட்டினேன், ஊற்றில் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

அந்தக் காகிதத்தை நம்பி அடைக்காமலே வெடி வைத்தார்கள். புகை அடங்கி உள்ளே போனபோது கூரையில் ஒரு விரிசல் வாய் பிளந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. தெளிந்த தண்ணீர். நான் ஒரு கை பிடித்துக் குடித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர். பிறந்ததிலிருந்து குடிக்கிற ருசி எனக்குத் தெரியாதா?

பிறகு அடைக்க ஆரம்பித்தோம். ஓடுகிற தண்ணீருக்குள் சிமெண்ட் நிற்குமா? ஏற்றியதெல்லாம் வெள்ளையாகக் கரைந்து காலடியில் ஓடியது. ஓர் இடத்தை அடைத்தால் நாலு அடி தள்ளிப் பீறிட்டது. மூட்டை மூட்டையாகக் கரைத்தோம். என் கைகள் சிமெண்டில் வெந்து தோல் உரிந்தன. மனசார அடைத்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மேலே ஊற்று நான்காம் நாள் நின்றது. முதலில் நூலாக ஒழுகி, அப்புறம் சொட்டாகி, அப்புறம் ஈரம் மட்டும். அண்ணன் வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரம். அத்தனையும் பதராய்ப் போனது. எங்கள் வயலும்தான் காய்ந்தது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை. எனக்கு அந்த மூக்கு அப்போது வலிக்கவில்லை. வயல் போனாலும் சுரங்கத்தில் வேலை இருந்தது. சாயங்காலம் அண்ணன் காய்ந்த வரப்பில் உட்கார்ந்திருப்பதை நின்று பார்ப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அண்ணன் சுரங்க ஆபீஸுக்குப் போய்ப் புளியஞ்சோலைப் பக்க ஓடை பச்சையாக ஓடியதைச் சொல்லியிருக்கிறார். மேடம் விசாரிக்க ஊருக்கே வந்தார். எல்லாரையும் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டி, "அந்த ஓடையில பச்சைத் தண்ணி ஓடினதை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. வேலை நின்றுவிடும் என்ற பயம். அதோடு அண்ணி எண்ணிக் கொடுத்த குடங்களும் ஒவ்வொருத்தி மனசிலும் இருந்திருக்கும்.

முதலில் வாயைத் திறந்தது என் அம்மா.

"பச்சையாங்க? மழைக்குப் பாசி வந்திருக்குமுங்க. நாங்க ஒண்ணும் பாக்கலீங்க."

அதன் பிறகு மற்றவர்களுக்குச் சுலபமாகிவிட்டது. ஆமாங்க, பாசிதானுங்க, நாங்க பாக்கலீங்க. களையெடுத்த பெண்களும் அதையே சொன்னார்கள். "நான் பாத்தேன்! இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்று அண்ணி கத்தினாள். நஷ்டப்பட்டவள் அப்படித்தான் சொல்வாள் என்று மேனேஜர் மேடத்திடம் சொன்னார்.

மேடம் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுரங்கத்துக்குக் கான்கிரீட் உறை போடப்போறாங்க. ஊற்றோட நரம்பைத்தான் வெட்டினோம்னு எழுத்துல இருந்தா, உறைக்கு முன்னாடி அந்த இடம் முழுக்க அடைக்கணும்னு நான் நிறுத்திவைக்க முடியும். நாலு மழைக்கு அப்புறம் ஊற்று திரும்பி வந்தாலும் வரலாம். இல்லேன்னா உறையில ஓட்டை விட்டுத் தண்ணியை வடியவிடுவாங்க. அப்புறம் எப்பவும் வராது. நீங்க உண்மையை எழுதிக் கொடுத்தா வேலை போகும், அதை நான் மறைக்கலை."

"நாஞ் சொன்னதுதானுங்க உண்மை" என்றேன்.

அவர் அண்ணனிடமும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வாசலை மிதித்து வருஷக்கணக்காகியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அப்படி அவரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"எம்மேல கோவமிருந்தா அடிச்சுப்போடு சாமி. வாங்கிக்கறேன். தண்ணியை விட்டுடு. உள்ளதை எழுதிக் குடு. உம்பட வேலை போச்சுன்னா மேக்காட்டு நெலத்தை உம் பேருக்கு எழுதறேன்."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் குனிந்து நிற்பதைப் பார்க்க இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றேன். யாரோ வெளியூர்க்காரரிடம் பேசுவதைப்போல அத்தனை மரியாதையாகச் சொன்னேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனார். அம்மா அன்றைக்குச் சோறு போட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கான்கிரீட் உறை போட்டார்கள். தண்ணீர் வடியும் குழாய்களை வைத்ததும் எங்கள் ஆட்கள்தான், நானும் இருந்தேன். அண்ணன் நெல்லை விட்டுவிட்டு மானாவாரியில் கிழங்கு போட்டார். மிச்ச நாளில் அடிவாரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். ஊருக்குக் குடிக்க லாரியில் தண்ணீர் வந்தது. அண்ணி குடத்தை வரிசையின் கடைசியில்தான் வைப்பாள்.

அடுத்த வருஷம் அம்மா இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் பங்காளிகளில் மூத்தவர் போய் எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என்ன பகை இருந்தாலும் அதை மட்டும் யாரும் மறுப்பதில்லை. எங்கள் வகையறாவுக்கு எப்போதும் அந்த ஊற்றுத் தண்ணீர்தான். என் அப்பாவுக்கும் அதில்தான் எடுத்தார்கள்.

அண்ணன் வர மாட்டார் என்று நினைத்தேன். முள்ளுக்குறிச்சியில் வேலையிலிருந்தவர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். புதுக்குடம் ஒன்றை வாங்கித் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். லாரித் தண்ணீரில் மொண்டு வருவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் லாரித் தொட்டியைத் தாண்டி நேராக மேல்வயலுக்கு ஏறினார். மேளம் பள்ளத்தில் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் நின்றது. வெகுநேரம் நின்றே இருந்தது. பிறகு மறுபடி அடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர் முழங்கால் இரண்டிலும் மண் ஒட்டியிருந்தது. விரல் நகங்களுக்குள்ளும் மண். குடத்தைத் தலையிலிருந்து இறக்கி, கூட்டத்துக்கு நடுவில் என் முன்னால் நீட்டினார். முறைப்படி மகன்தான் அதை வாங்க வேண்டும்.

"ஊத்துல தண்ணி இல்ல தம்பி" என்றார். "ஊரே பாத்துக்கிட்டு இருக்குது. வாங்கிக்க."

ஊரில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. வெறுங்குடத்தை இரண்டு கையாலும் வாங்கி அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன். பிறகு பக்கத்து வீட்டு டிரம்மில் இருந்த லாரித் தண்ணீரை மொண்டு அவளைக் குளிப்பாட்டினோம்.