மஞ்சள் பூசாத ரத்தினம்மாள்

குன்னத்தில் ரத்தினம்மாள் என்றால், கணவன் கண்ணையன் உயிரோடு இருக்கும்போதே மஞ்சள் பூசிக் குளிப்பதை விட்டவள் என்றுதான் சொல்வார்கள். பொட்டு வைப்பாள், பூ வைப்பாள், மஞ்சளை மட்டும் தொடமாட்டாள். காரணம் தெரிந்தவர்களில் இப்போது இருப்பவர்கள் சிலரே. அவளும் கண்ணையனும் என்னிடம் தனித்தனியே சொன்னவற்றை ஒத்துப்பார்த்து எழுதுகிறேன்.

அவளுக்கு ஒரே தம்பி, அங்கமுத்து. ரங்கூனில் அரிசி ஆலை வேலைக்குப் போனவன் மா தின் என்ற பர்மியப் பெண்ணை மணந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். 1941 கடைசியில் அங்கே ஜப்பான் குண்டு விழ, 1942இல் நம்மவர்கள் காட்டுவழியே நடந்து திரும்பினார்கள். அந்த வைகாசியில் அரியலூரில் ரயிலிறங்கி, விசாரித்துக்கொண்டே குன்னம் வந்து சேர்ந்தவள் மா தின் மட்டும்தான்.

"அக்கா, அவுரு வழியிலயே போயிட்டாரு" என்றாள் வாசலில் நின்று. அவள் தமிழ் முழுவதும் அங்கமுத்துவிடம் கற்றது. அதனால் நாத்தனாரையும் அவனைப் போலவே அக்கா என்றாள்.

ரத்தினம்மாள் அவள் முகத்தைத்தான் பார்த்தாள். இரு கன்னத்திலும் மஞ்சளாக ஏதோ பூசியிருந்தது. கணவனை இழந்தவள் நம் பக்கத்தில் மஞ்சள் பூசமாட்டாள்.

"புருஷனப் பறிகொடுத்தவ மூஞ்சியப் பாருங்கடி! கல்யாணத்துக்குக் கெளம்புனவ மாதிரியில்ல இருக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு வீராயி.

"அப்ப எந்தம்பி உசுரோடதான் இருக்கான். இவதான் விட்டுட்டு ஓடியாந்துட்டா" என்றாள் ரத்தினம்மாள். தம்பி இறந்தான் என்பதைவிட, வந்தவள் பொய்க்காரி என்பது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

தம்பிக்குக் கருமாதி செய்யவில்லை. மா தின்னுக்கு மாட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்து, பருத்திக் காட்டுக்குக் களையெடுக்க அனுப்பினாள். மா தின்னோ தன் மூட்டையில் இருந்த மரக்கட்டையைக் காலையில் கல்லில் உரசிப் பூசிக்கொண்டுதான் காட்டுக்குப் போவாள். செய்வினை மருந்து என்று பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் கிணற்றடியில் ரத்தினம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. வீராயி மா தின்னின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பானை தேய்க்கும் வைக்கோலைச் சாம்பலில் தொட்டு, தம்பியை நினைத்து அழுதுகொண்டே, ரத்தினம்மாள் அந்த முகத்தைத் தேய்த்தாள். மா தின் திமிறவில்லை. கண்ணை மூடி முகத்தைக் காட்டினாள். கன்னத்தில் இரத்தம் கசிந்த பிறகுதான் ரத்தினம்மாள் கையை எடுத்தாள். கட்டையும் அன்றே அடுப்புக்குப் போனது.

பருத்தி எடுப்பு முடிந்த சமயம், ரங்கூனில் அதே ஆலையில் வேலை பார்த்த கீழப்பழுவூர் நல்லதம்பி துக்கம் விசாரிக்க வந்தான்.

"அங்கமுத்துவ நாந்தாங்க்கா குழியில எறக்குனேன். வாந்திபேதி. கிட்டப் போகவே எல்லாரும் பயந்தாங்க. இந்தப் பொண்ணுதான் கடைசிவரைக்கும் வாயில தண்ணி ஊத்துச்சு."

"அப்ப மூஞ்சியில மஞ்சள்..?"

"மஞ்சளா? மரப்பட்டைங்க்கா அது! வெயிலுக்குப் பூசுறது. அங்க பச்சப்புள்ளைக்கும் பூசுவாங்க, பல்லு போன கெழவிக்கும் பூசுவாங்க. நம்ம விளாமரம் மாதிரி ஒரு மரம்."

ரத்தினம்மாள் கொட்டகைக்குப் போனாள். மா தின் கன்னத்தில் தழும்பு இருந்தது. "அன்னிக்கு ஏண்டி என்னயத் தடுக்கல?"

"அவுருக்குச் செய்யிற சடங்குன்னு நெனச்சேன்க்கா" என்றாள் மா தின். "நீங்களும் அழுதீங்கல்ல."

ரத்தினம்மாள் அன்றே கருமாதிக்கு நாள் பார்க்கச் சொன்னாள் என்றார் கண்ணையன்.

கருமாதி நடந்தது. மா தின்னை வீட்டுக்குள் உட்கார வைத்ததற்காக உடையார்பாளையத்து உறவினர் இருவர் சாப்பிடாமல் எழுந்தார்கள். "போறவங்களத் தடுக்காதீங்க, சோறு மிஞ்சுனா மாடு திங்கும்" என்றார் கண்ணையன்.

மறுநாள் காலை ரத்தினம்மாள் விளாங்கட்டையும் கல்லுமாகக் கிணற்றடிக்கு வந்து, எல்லார் முன்னாலும் உரசினாள்.

"தாலியறுத்தவளுக்கு என்னடி இந்த அலங்காரம்?" என்றாள் வீராயி.

"அலங்காரமா? அவ கையப் புடிச்சவதான நீ. பேசாத."

மா தின்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். குழைவு தோய்ந்த விரல் பட்டதுமே மா தின், அன்றைக்குப் போலவே, கண்ணை மூடி முகத்தைக் காட்டினாள். ரத்தினம்மாளின் கை நின்றுவிட்டது. பிறகு, தழும்பைத் தொடத் துணியாமல், அதைச் சுற்றியே பூசி முடித்தாள். தனக்கென்று கொண்டுவந்திருந்த மஞ்சள் கிழங்கு கிணற்றுச் சுவரிலேயே கிடந்தது.