முதல் அட்டையில் இருந்த முகம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள் அவள். முப்பத்தாறு வருடமாக அதே மேசை. கடையில் அவளுக்கு ‘சூனியக்காரி’ என்று பேர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், கறாரான பொம்பளை என்பதால் வந்த பேர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பேர் ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. அட்டைப்படம் வரைந்து பிழைத்த அக்கா வீட்டுக்காரர், ஒரு மாயாஜாலச் சிறுகதைத் தொகுப்புக்காக அவளை உட்கார வைத்து வரைந்தார். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் முக்காலியில் உட்கார்ந்தாள். தோளில் ஜன்னல் திரை, கையில் செங்கோலுக்குப் பதில் ஒட்டடைக் கம்பு. “நீதான் ராணி, மூக்கைச் சொறியாதே” என்பார் மாமா. ராணியம்மாவுக்கு டீ வேண்டுமா என்று அக்கா அடுப்படியிலிருந்தே கிண்டல் செய்வாள்.

புத்தகம் வந்தது. சிம்மாசனத்தில் அக்காவின் முகம். காலடியில் பச்சைப் பல்லோடு சுருண்டு கிடந்த சூனியக்காரிக்கு இவள் முகம். பஸ் நிறுத்தத்துக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மாமாவிடம் கேட்டாள். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே, “அப்படி அமைஞ்சு போச்சும்மா” என்றார். பெண்டாட்டியைக் குளிர வைக்க என்னைப் பலி கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினாள். அன்றோடு அவரிடம் பேச்சு நின்றது.

அவர்கள் கீழே, இவள் மாடியில். முப்பத்திரண்டு வருடம் எல்லாம் அக்கா வழியாகத்தான். மோட்டார் போடச் சொல்லு, கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளு. அக்கா சளைக்காமல் சேதி சுமந்தாள். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள் மனசு கேட்காமல் கிளம்பினாள். அவருக்கு நினைவில்லை, வந்து பிரயோஜனமில்லை என்று அக்கா தடுத்துவிட்டாள். அவர் போய் நாலு வருடமாகிறது.

போன வாரம் கண்ணாடி போட வந்த ஒருவர் இவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய புத்தகம் சேர்க்கிறவராம். மறுநாள் பிளாஸ்டிக் உறையில் இரண்டு பிரதிகள் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே புத்தகம், இரண்டு அட்டை.

“இது முதல்ல அடிச்சது. அம்பது அறுபதுதான் வெளியே போச்சு, அப்புறம் அட்டையை மாத்திட்டாங்க. எங்க ஆளுங்க இதுக்கு அடிச்சுக்கறாங்க. ராணி நீங்கதானே?”

அவள்தான். காலடியில் யாரோ ஒரு கிழவி.

ஏன் மாற்றினார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லையாம். கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அன்று ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினாள்.

சாயங்காலம் அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போனில் படமெடுத்த முதல் அட்டையை இவள் நீட்டியதும், அக்கா கையிலிருந்த போர்வையை மடித்து வைத்தாள்.

“ஆறு வாரம் உன்னையே பாத்துட்டிருந்தார்டி. என் மூஞ்சியை ஒருநாள் அப்படிப் பாத்ததில்ல. மாத்தலேன்னா வீட்டை விட்டுக் கிளம்பிடுவேன்னேன்.”

“சூனியக்காரி?”

“அதுவும் நான் சொன்னதுதான்.”

அதைக்கூட விழுங்கிவிடலாம் போலிருந்தது. தொண்டையில் நின்றது வேறு. “ஆஸ்பத்திரியில என்னைக் கேட்டாரா?”

அக்கா ஒரு தலையணை உறையை எடுத்தாள். “மூணு தடவை.”

“நினைவில்லேன்னு சொன்னே.”

“அட்டை விஷயத்தைச் சொல்லிடுவாரோன்னு பயம்.”

“அவர்கிட்ட பேசாம இருக்க நடுவுல நீ இருந்தே. உன்கிட்ட பேசாம இருக்க எனக்கு யார் இருக்கா?”

அக்காவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஒரு கோரிக்கையும் வந்தது: வெளியில் மூச்சு விடக்கூடாது, அந்த ஆள் எங்காவது எழுதி வைத்துவிடப் போகிறார். இவள் மாடி ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து புத்தகம் சேர்க்கிறவர் தன் கண்ணாடியை வாங்க வந்தார். மாட்டிவிட்டாள். குறிப்பேட்டைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

“மாத்தச் சொன்னது ஓவியரோட சம்சாரம். பொறாமை. அவர் கடைசிவரைக்கும் காட்டிக் குடுக்கல, அதையும் எழுதிக்கோங்க.”

எழுதினார். “அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் அவருடைய கண்ணாடியைக் கழற்றி, காதுக்குப் பின்னால் அழுத்திய காம்பை வளைத்துச் சரிசெய்து, மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

“கூடப் பொறந்தவ” என்றாள்.